நாலாம் தங்கதுரை

கச்சிராயபாளையத்துக் கரும்புக்காரர் தங்கதுரை ஐரோப்பாவில் பாதியைப் பிடித்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு அவரே டீக்கடையில் சொல்லியிருந்தார்.

மகள் சுபஸ்ரீயின் லேப்டாப்பில் ராஜா விளையாட்டு ஒன்று இருந்தது. கோட்டை, கப்பம், கல்யாணம், துரோகம் எல்லாம் அதில் உண்டு. நம் ராஜா செத்தால் அவன் பிள்ளையாக மாறி ஆட்டத்தைத் தொடரலாம். வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோன ஒரு கோடையில் சும்மா எட்டிப் பார்க்கப்போன மனிதர், அதற்கப்புறம் நாற்காலியை விட்டு எழுந்ததே கரும்பு வெட்டுக்குத்தான். மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதுகூட, எந்த நாட்டின் மேல் படையெடுக்கப் போகிறார் என்று அதன் காதில் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

காத்திருப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. பக்கத்து ராஜா தன் படையை வேறெங்கோ சண்டைக்கு அனுப்பியிருக்கிறானா, உடனே புகு. பெரியவன் செத்துக் குழந்தை பட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா, அது பால் மறப்பதற்குள் புகு. கோட்டை கோட்டையாக முற்றுகை போட்டுக் காலம் கழிக்காதே. கூலிப்படையைச் சேர்த்துக்கொண்டு நேரே தலைநகருக்குப் போய் ராஜாவையே பிடி. “பாம்ப வால்ல அடிக்கறவனுக்கு இன்னா கெடைக்கும்? கடிதான்” என்பார்.

ஆனால் எந்தப் படையையும்விட அவர் நம்பியது கல்யாணத்தை. மாமன் மகளைக் கட்டு. மாமனுக்கு ஆண் வாரிசு இல்லையென்றால் நாடு நம் பிள்ளைக்கு. வாரிசு இருந்தால் இல்லாமல் செய்வதற்கு விளையாட்டில் விஷக்கிண்ணமும் வைத்திருந்தார்கள். சண்டைச் செய்திகளின் இங்கிலீஷை மகள் படித்துச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு மட்டும் அவளைக் கூப்பிடமாட்டார். “பொண்ணு பாக்கறதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீசு?”

முறைப்பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்புச் சொட்டு இருக்கும். உறவில்லாத அசல் பெண்களுக்கு அது இருக்காது. வெள்ளைக்காரன்கூட முறை தெரிந்து குங்குமம் வைத்திருக்கிறானே என்று தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாம் தங்கதுரை, இரண்டாம் தங்கதுரை, மூன்றாம் தங்கதுரை மூவருக்கும் அந்தச் சொட்டைத் தேடித்தேடியே கட்டிவைத்தார். நாடு கடல்வரை போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரையில் மணி அடித்தது.

“வாரிசு பொறந்துட்டான். படி பாப்பா.”

சுபஸ்ரீ குனிந்து படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“இன்னா?”

“நாலாம் தங்கதுரை. நெஞ்சு பலவீனமாம். ஒடம்பு தேறாதுன்னு போட்டுக்குது.”

“அடுத்தது பொறக்கும், வுடு.”

அடுத்ததும் பிறந்தது. பேர் வைப்பதற்குள் போயிற்று. அந்த நேரம் பார்த்து மூன்றாம் தங்கதுரை போர்க்களத்தில் விழுந்தார். சிம்மாசனத்தில் மூச்சுத் திணறும் குழந்தை. நான்கு எல்லையிலும் கொடிகள் முளைத்தன. தங்கதுரை ஊரான் வீட்டில் என்னென்ன செய்தாரோ, அத்தனையும் இப்போது படையாகத் திரண்டு அவர் வாசலுக்கு வந்தது. வரைபடம் கரையான் அரித்த கதவு மாதிரி உதிர்ந்தது.

“இன்னாத்துக்குடி இப்டி ஆவுது?”

மகள் அந்தச் சிவப்புச் சொட்டின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். எழுத்துகள் விரிந்தன. அவள் குரல் இறங்கிவிட்டது.

“இது பொட்டு இல்லப்பா. ரத்தம். நெருங்குன சொந்தத்துலயே கட்டிக்கினு வந்தா பொறக்கற கொழந்தைக்கு நோவு வரலாம்னு எச்சரிக்கை. நீ மூணு தலமொறையா இத பாத்துப்பாத்து அமுக்கிக்கினு இருந்துக்கிற.”

தங்கதுரை சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

சுபஸ்ரீக்கும் பிரவீன்குமாருக்கும் தை மாதம் கல்யாணம். பிரவீன் அவருடைய அக்கா பாப்பாத்தியின் ஒரே மகன். இவள் தூளியில் கிடந்தபோதே பேசி முடித்த சம்பந்தம். நிச்சயப் புடவை பீரோவில் இருந்தது.

“அப்பா. நீயும் அம்மாவும் சொந்தம். அத்தையும் மாமாவும் சொந்தம். இப்ப நானு. பிரவீனுக்கு முன்னாடி அத்தைக்கு ரெண்டு கொழந்த தவறிடுச்சின்னு சொல்லுவீங்களே, எப்டிப்பா தவறிச்சி?”

காற்று கருப்பு என்றுதான் வீட்டில் சொன்னார்கள். இரண்டாவது குழந்தையை வெள்ளைத் துண்டில் சுற்றி வரப்பு வழியாகத் தூக்கிப்போனது தங்கதுரைதான். துண்டின் கனம்கூடக் குழந்தைக்கு இல்லை. அதை எத்தனையோ வருஷமாக அவர் நினைக்கவில்லை. இப்போது இரண்டு முழங்கையிலும் அந்தக் கனமின்மை வந்து உட்கார்ந்துகொண்டது.

“வெளையாட்டுதான பாப்பா இது.”

“வெளையாட்டுதாம்பா. ஆனா எனக்குப் பயமா இருக்குது.”

அதற்குமேல் தங்கதுரை ஆட்டத்தைத் தொடவில்லை. கல்யாணத்தை நிறுத்தாவிட்டால் இன்னொரு வெள்ளைத் துண்டு. நிறுத்தினால் பாப்பாத்தி. எது பெரிய பயம் என்று சொல்வது கஷ்டம். மணலூர்பேட்டையில் பாப்பாத்தி தொண்டையைச் செருமினால் பெண்ணையாறு ஒரு முழம் தள்ளி ஓடும். சொன்ன வாக்கை மாற்றிய ஒரு கொழுந்தனோடு அவள் பேச்சை நிறுத்தியவள். அந்தக் கொழுந்தன் செத்தபோதும் தெருமுனையில் நின்றே அழுதுவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் முதல் பஸ். அக்கா புருஷன், பிரவீன், பங்காளிகள் என்று ஒவ்வொரு கோட்டையாகப் போகக் கூடாது; நேரே தலைநகர். போனதும் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது, அதுவும் ஏதோ படை மாதிரிதான் தெரிந்தது.

பாப்பாத்தி வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாடா தொர. இன்னா, பேய் அடிச்ச மாரி வர? மொதல்ல சாப்புடு.”

நாலு இட்லியை வைத்ததும் வியூகம் பாதி கரைந்துவிட்டது. ஐந்தாவதை அவள் வைக்க வந்தபோது இலையை மறைத்தார்.

“அக்கா, கல்யாணம் வாணாங்க்கா.”

பாப்பாத்தி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

“எம் புள்ளைக்கி இன்னா கொறச்சல்?”

“ஒரு கொறையும் இல்ல. பொண்ணுக்கும் இல்ல. சொந்தத்துலயே கட்டிக்கினு வந்தா பொறக்கறது...” இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பிரவீனுக்கு முன்னாடி பொறந்தது ரெண்டும் அதனாலதான் போச்சோன்னு இருக்குதுக்கா. நான் தூக்கிக்கினு போனேனே.”

இடி விழப் போகிறது என்று தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டார். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பாப்பாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வயித்துல வெச்சிக்கினு மலக்கோயிலுக்கு ஏறுனேன்னு மாமியா சொன்னா. தீட்டோட வெளக்கத் தொட்டன்னு நாத்தனா சொன்னா. முப்பது வருசமா ஆடி வந்தா கோழி அறுத்துக்கினு இருக்கறன்டா, மன்னிச்சிக்க சாமின்னு. யாரு சொன்னா ஒனக்கு? டாக்டரா?”

தங்கதுரைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் வரவில்லை.

“கம்ப்யூட்டர்ல ராஜா வெளையாட்டு ஒண்ணு, அக்கா.”

பாப்பாத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கேணப்பயலே” என்றாள். குரலில் சூடு இல்லை. “வெளையாட்டு சொன்னதுக்கு என் வூட்டு வெளக்க அணைக்க வந்துட்ட.”

“தப்புதாங்க்கா. ஆனா பயமா இருக்குது.”

“எனக்கு மட்டும் இல்லியா?” அவள் எழுந்தாள். கொடியில் கிடந்த வெளிப்புடவையை உருவினாள். “ரெண்டு பேரையும் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வரச்சொல்லு. தை மாசம்லாம் அப்புறம். டாக்டரு வாணான்னா வாணாம். ஆனா மொதல்ல நான் கேப்பேன் அந்த ரெண்ட பத்தி. எம்மேல தப்பா இல்லியான்னு அவங்க வாயால சொல்லட்டும்.”

“தப்புன்னு சொல்லமாட்டாங்கக்கா.”

“ஒனக்குத் தெரியாது. வெளையாட்டுல படிச்சவன் நீ.” கதவைச் சாத்திப் பூட்டினாள். “சுபாகிட்ட நான் பேசறேன், போன குடு. நீ பேசுனா சண்டைக்கிப் போற மாரியே பேசுவ.”

தங்கதுரை போனை நீட்டினார். மணி போய்க்கொண்டே இருந்தது. பாப்பாத்தி அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் போட மறந்து, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.