வலது பக்கத்து மெடல்

"இடது பக்கமாக் குத்துடா. பட்டாளத்துக்காரனுங்க அங்கதான் குத்துவாங்க." ரத்திராம் இளைய மகனின் சட்டையை இழுத்துப் பிடித்தார்.

பல்ஜீத்துக்கு வயது பத்தொன்பது. தலையில் செத்துப்போன அண்ணனின் தலைப்பாகை, மார்பில் அண்ணனின் மெடல், கையில் மடித்த சிவப்புப் போர்வை. அதை அண்ணி அங்கூரியின் தலைமேல் போட்டுவிட்டால் அவள் அவனுக்குப் பெண்டாட்டி. ஓமம் வேண்டாம், மந்திரம் வேண்டாம், வெல்லம் கொடுத்தால் முடிந்தது. எங்கள் ரோத்தக் பக்கத்தில் செத்தவனின் நிலத்தையும் மனைவியையும் இப்படித்தான் வீட்டைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? எதற்குக் கேட்பது!

செத்துப்போன அண்ணன் ஜெய்பகவான் பெரிய வீரச்செயல் எதுவும் செய்துவிடவில்லை. கார்கிலில், மலை மேலே இருந்த சிப்பாய்களுக்கு மாவு மூட்டை சுமந்து போனபோது குண்டு விழுந்தது. சண்டைக்குப் போன அத்தனை பேருக்கும் தரும் மெடல்தான், ஒன்றரை வருடம் கழித்து அங்கூரி பெயருக்குத் தபாலில் வந்தது. மாமனார் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அங்கூரி கூடத்து மூலையில், இடுப்புவரை முக்காடு தொங்க உட்கார்ந்திருந்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது பல்ஜீத்துக்கு மூக்கு ஒழுகும். துடைத்துவிட்டவளே அவள்தான். "மாட்டேன்னா பொறந்த வீட்டுக்குப் போ. பிங்கி எங்க ரத்தம், அவ இங்கதான் இருப்பா" என்று மாமனார் காலையிலேயே சொல்லிவிட்டார். பிங்கிக்கு ஐந்து வயது.

சாட்சிக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்களில் ஒருவரான பென்ஷன் சுபேதார் தர்யாவ் சிங் ஹூக்காவை வாயிலிருந்து எடுத்தார்.

"கழட்டுடா அதை! இடது பக்கம் சண்டைக்குப் போனவனுக்கு. வீட்டு ஆளுங்க போட்டா வலது பக்கம்."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன சுபேதார்?" என்றார் ரத்திராம்.

"என்னவா? முப்பது வருஷம் பட்டாளத்துல இருந்தவன்யா நான். அதுவும் பெண்டாட்டி இருக்கறப்போ பெண்டாட்டிதான் போடணும். தம்பி எங்கேர்ந்து வந்தான்?"

அவர் பட்டாளத்து முறையைச் சொன்னார், அவ்வளவுதான். போர்வையை நிறுத்தும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லவே இல்லை.

அங்கூரி எழுந்தாள். பல்ஜீத்தின் சட்டையிலிருந்து மெடலைக் கழற்றி, முக்காட்டுக்குள் தன் வலது மார்பில் குத்திக்கொண்டாள்.

"முக்காடு மறைக்குதே மருமகளே. மெடல்னா தெரியணும்" என்றார் சுபேதார், பழக்க தோஷத்தில்.

"தெரியணுமா? சரி."

முக்காட்டை மொத்தமாகப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"அட ராமா!" மருமகள் முகத்தைப் பெரியவர்கள் பார்க்கலாமா? பதினோரு ஆம்பளைகளும் சடசடவென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "மானங்கெட்டவளே, மூடு!" என்று ரத்திராம் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"மூட மாட்டேன் மாமா. இந்த மெடல் விளிம்புல வெட்டியிருக்கற பேரு ஜெய்பகவான். நான் அவர் பெண்டாட்டி. இதே வீட்லதான் இருப்பேன், அவர் பங்கு நிலத்துல நானே பாடுபடுவேன், என் பொண்ணை யாருக்கும் விடமாட்டேன். இல்லேங்கறவங்க திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

ஒருத்தரும் திரும்பவில்லை. கொழுந்தன் அண்ணி முகத்தைப் பார்க்கலாம். அதனால் பல்ஜீத் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ சொல்லுடா. இதை என் தலைமேல போடப் போறியா?"

"எனக்கும் வேண்டாம் அண்ணி. அப்பாதான்..."

"அப்போ நேத்துப் பொறந்த எருமைக்கன்னு குளிர்ல நடுங்கிட்டு நிக்குது. போய் அது மேல போடு."

அவன் போர்வையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனான். பெரியவர்கள் அப்போதும் சுவரைப் பார்த்தபடிதான் நின்றார்கள்.