பக்கத்துச் சீட்டு

பிளேடு அவர் கையில் இருந்தது. மொட்டு செடியில் இருந்தது. கால் மணி நேரமாக இரண்டும் அப்படியே இருந்தன.

"என்னங்க, அறுத்தாச்சா?"

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. குரல் என்பது மரியாதைக்குச் சொல்வது. பத்து நாளாக அது எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரிதான் முனகியது. ஆனால் நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு எந்த முனகல் என்ன கேட்கிறது என்பது தெரியாமல் போகுமா?

"இருடி. கை நடுங்குது."

"பதினாலாவது மாடியில தொங்கிக்கிட்டு வேலை பாத்தப்போ நடுங்கல. ஒரு மொட்டுக்கு நடுங்குதா?"

"பதினாலாவது மாடி இவ்வளவு பொடிசா இல்லியே."

உள்ளே சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பி, இருமலாகப் போய்ச் சேர்ந்தது. பால்கனியில் அவர் பிளேடை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அக்கம்பக்கத்தில் அவளைச் செடியம்மா என்பார்கள். உலர்செடிக் காப்பகத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை. காய்ந்த செடிகளைக் கெட்டித் தாளில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதி, அலமாரி அலமாரியாக அடுக்கி வைக்கிற இடம் அது. தெருவோரக் களை ஒன்றைப் பார்ப்பதற்காக அவள் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தினாள் என்று ஒரு கதை உண்டு. அது மிகைப்படுத்தல். நின்றது பஸ் இல்லை, பஸ்ஸுக்கு எதிரே வந்த தீயணைப்பு வண்டி. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன அன்று, அதிகாரியின் மேஜையிலிருந்த பூங்கொத்தைப் பிரித்து இதழ்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளையை அந்த அளவுக்குப் பரிசோதிக்கவில்லை.

அவரைச் சந்தித்ததும் காப்பகத்தின் லிஃப்டில்தான். அவளும் ஒரு பை நிறையச் செடிகளும் இரண்டு மாடிக்கு நடுவில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். அவர் கதவை நெம்பித் திறந்து கை கொடுத்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "பையை முதல்ல வாங்குங்க, கசங்கும்." அடுத்த மாதமும் அதே லிஃப்ட் அதே இடத்தில் நின்றது. அது தானாகத்தான் நின்றது என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார்.

இப்போது அவர் முன்னால் இருக்கும் செடி முழங்கால் உயரம். காப்பகத்தில் பெயர் தெரியாதவை என்று ஒரு கட்டு இருக்கும். அதிலிருந்த பழைய தாள் ஒன்றில் இலை இருந்தது, தண்டு இருந்தது, பூ உதிர்ந்து போயிருந்தது. பூ இல்லாமல் இது இன்ன பேரினம், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெறுகிற அன்று அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு வெடித்த காயும் ஒற்றை விதையும் இருப்பதைப் பார்த்தாள். அறுபது வருஷத்து விதை. மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, தொட்டியில் போட்டாள். முளைக்காது என்று சொல்லாதவர்கள் இல்லை. அது முளைத்தது. முளைத்துவிட்டு ஆறு வருஷம் பூக்காமல் அழிச்சாட்டியம் பண்ணியது.

இலையையும் கணுவையும் பார்த்துப் பார்த்து, இரண்டு பேரினங்களில் ஒன்று என்கிற வரைக்கும் வந்துவிட்டாள். ஜஸ்டிசியா அல்லது அசிஸ்டேசியா. பூவுக்குள் மகரந்தத்தாள் இரண்டு இருந்தால் முதலாவது, நான்கு இருந்தால் இரண்டாவது. நான்கு நாளைக்கு முன்னால் ஒரே ஒரு மொட்டு வந்தது. அதற்குள் மருந்தின் வேகத்தில் அவளுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. காலையில் வந்த டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, இன்றையப் பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. டாக்டர் படியிறங்கி முடிப்பதற்குள் அவளே, "நாளைக்கு விரியும்னு பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. மொட்டைக் கீறி எண்ணிச் சொல்லிருங்க" என்றாள்.

"காப்பகத்துப் பொண்ணைக் கூப்பிடட்டா? அவ வந்து பாத்துச் சொல்லுவா."

"அவளுக்கு நான்தான் சொல்லணும். அவ எனக்குச் சொல்லிட்டா என் மானம் என்னாகுறது?"

அதனால்தான் பிளேடு. அவள் கழுத்திலிருந்த லென்ஸ் கயிற்றோடு அவர் கழுத்துக்கு வந்திருந்தது. லென்ஸ் வழியாக மொட்டு ஒரு மாங்காய் அளவுக்குத் தெரிந்தது. நரம்பு தெரிந்தது, மேல் ரோமம் தெரிந்தது. பிளேடின் முனை மட்டும் அதன்மேல் போய் உட்கார மறுத்தது. ஆறு வருஷம் யாருக்கும் தலைவணங்காத செடி பெற்ற ஒரே மொட்டு. நாளை விரியும். நாளை என்று ஒன்று அவளுக்கு இருக்கவேண்டுமானால் இது அறுபடாமல் இருக்கவேண்டும் என்று, எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லாமல், அவருக்குத் தோன்றிவிட்டது.

அவர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு" என்றார்.

ஏன் இரண்டு? லிஃப்டுக்கு வெளியே பொத்தான்கள் இரண்டுதான், மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும். இரும்புக் கயித்துல ஒரு இழை அறுந்திருந்தாக்கூட எண்ணிச் சொல்ற ஆளாச்சே." கண்ணை மூடிக்கொண்டாள். "அப்போ ஜஸ்டிசியா. நான் அசிஸ்டேசியான்னு நினைச்சிருந்தேன். கழுதை, ஏமாத்திருச்சு பாருங்க."

அவருக்கு உள்ளூர ஒரு திட்டம் இருந்தது. நாளை பூ விரிந்து, குட்டு உடைந்தால் அவள் திட்டுவாள். அவள் திட்டினால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் திட்டுவாள். அந்த ஒரு வாரத்தின்மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

சீட்டை எடுக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பேரினம், ஜஸ்டிசியா. தேதி. பேனாவை அவளிடம் கொடுத்து, 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் அவள் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார். கோட்டுக்குக் கீழே இறங்கினாலும் அது அவள் கையெழுத்துதான். பேனாவை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு, "இனிமே ஒரு வேலையும் பாக்கி இல்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மூன்று மணிக்கு அவர் தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் நின்றுபோயிருந்தாள். எவ்வளவு நல்ல லிஃப்டாக இருந்தாலும் நிற்கும்போது ஒரு சின்ன உதறல் இருக்கும். அதுகூட இல்லை.

மறுநாள் காலை வீடு நிறைய நாற்காலிகள். நாற்காலிகள் நிறைய ஆட்கள். மாடிவீட்டு அம்மா அவர் கையில் மூன்றாவது டம்ளர் காப்பியைத் திணித்து, "அண்ணே, ஒரு வாயாவது குடிங்க" என்றாள். அவர் டம்ளரோடு பால்கனிக்குப் போனார். செடிக்கு ஊற்றிவிடலாம் என்று நினைத்திருந்தால் அதிலும் தவறில்லை.

பூ விரிந்திருந்தது. வெள்ளை, கீழ் இதழில் மட்டும் ஊதா தெளித்திருந்தது. லென்ஸ் அவர் கழுத்திலேயே இருந்தது, கழற்றவே இல்லை. குனிந்து பார்த்தார். இரண்டு நெட்டை. இரண்டு குட்டை. குட்டை இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் விட முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மறுபடியும் எண்ணினார். நான்கு.

அவள் நினைத்ததுதான் சரி. அவளைத் தப்பாக்கியது அவர்.

பத்து மணிக்குக் காப்பகத்துப் பெண் வந்தாள். பெண் என்றால், அவளுக்கே ஐம்பது ஆகிறது. பதினைந்து வருஷம் செடியம்மாவுக்குக் கீழே வேலை பார்த்தவள். உள்ளே போய் நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"நேத்து போன்ல சொன்னீங்களே சார், மேடம் பேரினத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு. அந்தச் சீட்டு இருக்கா?"

நேற்று அவளுக்கு மரணச் செய்தி சொன்னபோது வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அதைச் சொல்லித் தொலைத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"மேடத்தோட கடைசிச் சீட்டு. இதோட ஒரு படத்தைச் சட்டம் போட்டு வாசல்ல மாட்டலாம்னு டைரக்டர் சொல்றார். முப்பத்தெட்டு வருஷத்துல எத்தனை பேரோட தப்பைத் திருத்தியிருப்பாங்க!"

அவர் அவளைப் பால்கனிக்குக் கூட்டிப் போனார். லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள்.

"மேடம் போய் ஜஸ்டிசியான்னு..."

"அவ பாக்கவே இல்லம்மா. கண்ணு தெரியல. என்னைத்தான் எண்ணச் சொன்னா. நான் எண்ணல. எண்ணினேன்னு சொன்னேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இதை நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் பாக்கல. இந்தச் சீட்டை நான் ஒட்டாமலே விட்டுடறேன். எங்கேயோ தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

"தப்பான சீட்டைக் கிழிக்க மாட்டீங்களே நீங்க?"

"மாட்டோம். பழசு அப்படியே இருக்கும். திருத்தினதைப் பக்கத்துல ஒட்டுவோம். ஒரு தாள்ல மேடமே அவங்களை மூணு தடவை திருத்தியிருக்காங்க. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை அவங்களோடவே சண்டை."

"தெரியும். அந்தச் சண்டையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கிட்டதான் வரும்." அவர் கையை நீட்டினார். "வெறும் சீட்டு ஒண்ணு குடும்மா."

அவள் பையைத் துழாவி எடுத்தாள். அவர் பால்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்து எழுதினார். பேரினம், அசிஸ்டேசியா. அந்தச் சொல்லை எழுத நேரம் பிடித்தது. தேதி போட்டார். அடுத்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுல உன் பேரைப் போட்டுக்கோ. லிஃப்ட் மெக்கானிக் பேரை இங்க போட்டா உங்க டைரக்டர் மயக்கம் போட்டுருவார்."

"எண்ணினவங்க பேரைத்தான் சார் போடணும்."

அவர் இன்னொரு தடவை பூவின்மேல் குனிந்து எண்ணிவிட்டு, தன் பெயரை எழுதினார்.

அவள் பூவைக் காம்போடு கிள்ளி, செய்தித்தாள் மடிப்பில் வைத்து, பையிலிருந்த இரண்டு அட்டைகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டினாள். மேலே இரண்டு சீட்டுகளையும் செருகினாள். "பக்கத்துல பக்கத்துல ஒட்டிடறேன் சார்" என்றாள். வாசலிலிருந்து மாடிவீட்டு அம்மா, "அண்ணே, வண்டி வந்துருச்சு" என்று கூப்பிட்டாள்.

எல்லாம் முடிந்து அவர் திரும்பியபோது மணி நாலரை. நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி, ஒரு கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். கூடவே வந்த ஒருவர், இரவு இங்கே தங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, குவளையில் தண்ணீர் பிடித்துப் பால்கனிக்குப் போனார்.

பூ கிள்ளிய இடம் கருத்திருந்தது. அதற்கு அடுத்த கணுவில், இலைக்கு அடியில், கடுகளவில் பச்சையாக ஏதோ இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். மொட்டுதான். அதற்குக் கீழே இன்னொன்று.

"இந்தாடி—" என்று உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

கட்டிலில் சுருட்டிய மெத்தைதான் இருந்தது. பிறகு குவளையிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் மெதுவாக, ஓரமாக, மண் கரையாமல் ஊற்றினார். கூடத்திலிருந்து தங்கள் வீட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, செடிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.