வஸ்தாதும் பத்துக் காடைகளும்

அந்தோணிராஜ் விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சினன் பிரபாகரன் பாண்டிச்சேரியிலிருந்து விருந்துக்கு வருகிறான். கறிக்கென்று ஜான்சி குறித்து வைத்திருப்பதோ கட்டிய புருஷன் ஆசையாக வளர்க்கும் கவுதாரியை!

சும்மா கவுதாரியா அது? உப்பளத்துக் கரைப் புதரில் குஞ்சாகக் கிடைத்ததைக் கரையான் பொறுக்கிப் போட்டு வளர்த்தான். குஸ்தி வாத்தியாரைச் சொல்வதுபோல வஸ்தாது என்று பேரும் வைத்தான். அவன் வரப்பில் நடந்தால் அதுவும் குடுகுடுவென்று பின்னாலேயே ஓடி வரும். "சண்டைக்கு வுட்டா ஒரே மிதி, எதிர்ல நிக்கிறது காலி" என்று மரக்காணம் டீக்கடையில் அளந்து தள்ளுவான். "ஏம்பா, சேவக் கவுதாரின்னா காலுல முள்ளு இருக்கணுமே?" என்று கன்னியப்பன் ஒருநாள் கேட்டுவிட்டான். "சின்ன வயசுப்பா. உனக்கு மீசை பொறந்தப்பவே இருந்துச்சா?" என்று இவன் திருப்பிக் கொடுத்ததில் கடையே சிரித்தது.

ஜான்சியிடம் இந்த ஜம்பமெல்லாம் எடுபடாது. சுனாமிக்கு மறு வருஷம் அவள் பண்ணைக் காடை பத்து வாங்கிக் கொட்டகையில் விட்டிருந்தாள்.

"என் காடையப் பாரு, உன் கவுதாரியப் பாரு. இது தினம் முட்டை வைக்குது. அது இன்னா வைக்குது? விடியறதுக்கு முன்ன கத்தி ஊரக் கூட்டுது."

"பாம்பு வந்தா குரல் குடுக்குமே ஜான்சி! உன் காடைங்க பாம்பு வாய்க்குள்ளயே போயி தீனி தேடும்."

"குரலக் கொழம்புல போட முடியுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் வஸ்தாது ஏதாச்சும் ஒரு வேலை செஞ்சு காட்டட்டும். இல்லன்னா சட்டிதான்."

அவள் காடைகளிடமும் ஒரு குறை இருந்தது. முட்டை வைக்குமே தவிர அடை உட்காராது. போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுத் தீனிக்கு ஓடிவிடும். குஞ்சு பொரிக்க மெஷின் வேண்டுமாம். மெஷினுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக் கோழியை உட்கார வைத்துப் பார்த்தாள். அந்தக் குண்டுக்கோழி மெல்லிய முட்டையோடுகளையெல்லாம் மிதித்து நொறுக்கிவிட்டு எழுந்து போய்விட்டது. ஜான்சி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் உப்பு வாரிவிட்டு வீட்டுக்கு வந்தால் வஸ்தாதைக் காணோம். நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டான். உப்பளத்துக் கரையில் மண்டிய உமிரிச் செடிகளுக்குள் குனிந்து குனிந்து தேடினான். கடைசியில் வாசலுக்கு வந்து நின்றான்.

"ஜான்சி, அறுத்துட்டியா?"

குரல் உடைந்துவிட்டது. ஒரு கவுதாரிக்காகவா என்றால், ஆமாம், கவுதாரிக்காகத்தான் அழுதான்.

"வாய மூடுய்யா. சத்தம் போடாம இங்க வா."

கொட்டகை மூலையில், வைக்கோல் மேல், இறகைப் பரப்பிக்கொண்டு வஸ்தாது உட்கார்ந்திருந்தது. ஜான்சி அதை ஒரு பக்கமாக மெல்லத் தூக்கிக் காட்டினாள். அடியில் புள்ளி புள்ளியாகக் காடை முட்டைகள். ஒன்றிலும் கீறல்கூட இல்லை. நடுவில் புள்ளியே இல்லாமல், வெளுப்பாக, கொஞ்சம் பெரிதாக ஒரு முட்டை.

"இது காடை வச்சது இல்லியே" என்றான்.

"இல்லதான். உன் சண்டைக்காரன் வச்சது."

அந்தோணிராஜ் குனிந்து வஸ்தாதின் முள்ளில்லாத காலைப் பார்த்தான். டீக்கடையும் கன்னியப்பனும் அந்த மீசைப் பேச்சும் ஞாபகத்துக்கு வந்தன. இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா? அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

"நாளைக்குக் கறி?"

"அடை உக்காந்திருக்கிறவள யாராச்சும் அறுப்பாங்களா? நாலு காடையப் புடி. முட்டையப் போட்டுட்டு ஓடுறதுங்கதானே, போவட்டும்."

மறுநாள் பிரபாகரன் காடை வறுவலை எலும்போடு மென்றுகொண்டே சத்தமாகக் கேட்டான்: "கவுதாரின்னு சொன்னாங்களே, இன்னா மாமா ஆச்சு?"

அந்தோணிராஜ் பதறிப்போய்க் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"டேய், மெதுவாப் பேசுடா. அவ அடை உக்காந்திருக்கா."

"எவ மாமா?"

"எங்க வஸ்தாதுதான்டா" என்றான், மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு.