கழுத்து வரை ஆயில்

எங்கள் லோடு வண்டியை ஓட்டுவது நான். என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். வண்டி விஷயத்தில் நான் ரொம்பக் கறார். டீசலை பங்க்கில்தான் போடுவேன், பெட்டிக்கடையில் கேனில் விற்கிறதைத் தொடமாட்டேன். தினமும் காலையில் ஆயில் குச்சியை உருவி, இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தேடுவேன்.

அன்று அவருடைய தங்கை தங்கலட்சுமியின் மகளுக்கு நரிக்குடியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். "அதுக்குள்ள மாமன் வரலேன்னா எங்க பக்கத்து ஆளு மடியில வச்சுக் குத்திருவோம்" என்று தங்கையின் மாமியார் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இவருக்கு ஒரே தங்கை. பாவம், மனுஷன் இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தார்.

சீர்த்தட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மல்லாங்கிணற்றிலிருந்து கிளம்பினோம். அருப்புக்கோட்டை தாண்டும்போதே வண்டி இழுக்க மறுத்தது. திருச்சுழிக்கு அப்பால் கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு நீலப்புகை. உடனே ஓரங்கட்டி அணைத்தேன்.

கொஞ்சம் ஆறவிட்டுக் குச்சியை உருவினேன். மேல்கோட்டையும் தாண்டி விரல் நீளத்துக்கு ஆயில் ஒட்டியிருந்தது.

"என்னங்க, இதுல கைய வச்சீகளா?"

"நீ குளிக்கப் போனப்ப வீட்ல இருந்த கேன ஊத்துனேன்."

"எதுக்கு? காலையில பாத்தேனே, சரியாத்தான இருந்துச்சு!"

"பாதிதான் இருந்துச்சு ரேணுகா. சீரு கொண்டு போறோம். வீட்ல குடம், பானை, வெளக்கு எல்லாத்தையும் நெறச்சு வச்சுட்டு, இத மட்டும் கொறையா விட மனசு ஒப்பல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விளக்கா இது, ததும்பத் ததும்ப ஊற்ற? ஆயில் அளவுக்கு மேல் போனால் உள்ளே சுற்றுகிற தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். இன்ஜினே போய்விடும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் திட்டுவதை விட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

அடியில் இருக்கிற நட்டைத் தளர்த்தினால் வடிந்துவிடும். ஆனால் பிடிக்க ஏனம் வேண்டுமே. சீரில் இருந்த புது எவர்சில்வர் வாளியிலிருந்து மாம்பழங்களைக் கொட்டிவிட்டு அவரே நீட்டினார். வெதுவெதுப்பாக ஆயில் இறங்கியது. வாளியில் பாதி விழுந்தது, மீதி அவர் கையிலும் வேட்டியிலும். அளவு சரியானதும் நட்டை இறுக்கிச் சாவியைத் திருப்பினேன். வண்டி முதலில் இருமியது. பிறகு மெல்ல மெல்லப் புகை மெலிந்து, பழைய சத்தம் வந்தது. சந்தோஷம் தாங்காமல் என் கன்னத்தைக் கிள்ள வந்தார்.

"அந்தக் கையோட கிட்ட வராதீக!"

கோயில் வாசலில் நாங்கள் இறங்கியபோது, மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் பலகையில் உட்கார்ந்தாயிற்று. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தங்கலட்சுமி மட்டும் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் அந்த ஆளே சிரித்தபடி எழுந்து இடம் விட்டார்.

"வாண்ணே, உக்காரு!" என்றாள் தங்கலட்சுமி.

என் வீட்டுக்காரர் கைகளைத் தூக்கிக் காட்டினார். "கை பூரா ஆயிலு தாயி. கழுவிட்டு வந்துர்றேன். புள்ள பட்டுப்பாவாடை கட்டியிருக்கு."

"நீ கழுவி வாரதுக்குள்ள ராகுகாலம் வந்துரும். பாவாடையா பெருசு, எங்கண்ணன் மடியா பெருசு? புடிண்ணே!"

பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். இரண்டு கறுத்த கைகளும் பட்டுப்பாவாடையைச் சுற்றி இறுகின. ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்தார். பிள்ளை வீறிட்டு அழுது சீக்கிரமே அடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர்தான் விடாமல் அழுதார். கண்ணைத் துடைக்கத் துடைக்க அவர் முகம் கறுப்பாகிக்கொண்டே போனது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிள்ளை கைகொட்டிச் சிரித்தது.