ஒன்பது நிக்கல், ஒரு குரோம்

நிக்கல் முலாமை முரட்டுத்தனமாகத் தேய்க்கக் கூடாது என்று எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! கொஞ்சம் அழுத்தினால் போதும், உள்ளே இருக்கும் பித்தளை பல்லைக் காட்டிவிடும். "இந்தம்மாவுக்கு வாய் நீளம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். போகட்டுமே. வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் இந்தப் பட்டறையில் நானும் ரேடியோவும்தான். ரேடியோ எதிர்த்துப் பேசாது.

இன்று காலை ஓர் இளைஞர் பழைய டிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மேஜைமேல் வைத்ததுமே வளையத்தில் இருந்த நசுங்கல் கண்ணில் பட்டது. மாடிப்படியில் அதை உருட்டிவிட்டவன் என் அண்ணன். இந்தப் பட்டறையை என்னோடு சேர்ந்து நடத்தியவன். அப்பா போன பிறகு ஒரு சண்டையில், "இனி உனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சுக்கோ" என்று இந்த டிரம்மைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் என்னை மறந்திருப்பானா என்பதைத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத யார்கிட்ட வாங்குனீங்க?"

"ஒரு பெரியவரோடதும்மா. போன மாசம் தவறிட்டாராம். ஒண்டிக்கட்டை. வீட்டு ஓனர் சாமானையெல்லாம் வித்துட்டாரு."

துணியை எடுத்து அந்த நசுங்கலையே துடைத்துக்கொண்டிருந்தேன். இளைஞர் என்னைக் கவனிக்கவில்லை.

"வளையத்து ஸ்க்ரூ பத்துல ஒம்பத புதுசா மாத்தியிருக்காரு. இது ஒண்ணு மட்டும் பழசு. பாருங்க, நீலமா அடிக்குது."

பார்க்கவே வேண்டாம், அது குரோம். நிக்கலில் லேசாக மஞ்சள் ஓடும். அண்ணன் வாசிக்க வேண்டிய ஒரு கச்சேரிக்கு நேரமாகிவிட்டதே என்று அவசரத்தில் நான் மாட்டியது. மேடை வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, கழுத!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். அப்புறம் டிரம்மைத் தொடும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் என்னைச் சீண்டுவான்.

"மாத்துறதுக்கு நிக்கல் கெடச்சிருக்காது" என்றேன்.

"கெடச்சிருக்கே!" ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். "பத்தாவது ஸ்க்ரூ. டிரம்முக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருந்தாரு. வாங்கியும் மாட்டல பாருங்க, சோம்பேறி மனுஷன். நீங்க இத மாட்டிட்டு அந்தப் பழச தூக்கிப் போட்டுருங்க."

சோம்பேறியா? ஸ்க்ரூவில் தூசி இருந்தால்கூடத் தூக்கம் வராதே அவனுக்கு!

இளைஞரை நாளை வரச் சொல்லி அனுப்பினேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்தேன். குரோமுக்கு அவ்வளவு தேய்ப்பு தேவையில்லை. ஆனாலும் அதைத்தான் அதிக நேரம் தேய்த்தேன்.

"தெனம் இதப் பாத்துட்டு இருந்திருக்கியே, பாவி! ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலயா?" என்று வாய்விட்டுத் திட்டினேன். எனக்கும்தான் வரவில்லை. அண்ணன் என்னை மறக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவன் சாக வேண்டியிருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு பத்தாவது நிக்கலை மாட்டி முடுக்கினேன். வளையம் முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. குரோம் ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி இதைச் சொல்லி என்னைத் திட்ட யாருமில்லை.