தலைக்கு ஊற்றும் தண்ணீர்

ஆத்தாவின் அலறல் கார் நிறுத்தும் இடம் வரைக்கும் கேட்டது. கதவைப் பூட்டக்கூடத் தோன்றாமல் உள்ளே ஓடினேன். பக்கவாதம் வந்து பேச்சையும் வலது பக்கத்தையும் கொண்டுபோன பிறகு என்னைப் பெற்ற ஆத்தாவிடம் மிச்சமிருப்பது இடது கையும் இந்த அலறலும்தான். அதுவும் குளிப்பாட்டும்போது மட்டும். மற்ற நேரமெல்லாம் இருக்கிற இடம் தெரியாமல் படுத்திருப்பாள்.

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தை நான்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். சுத்தமான இடம், வீட்டுக்குப் பக்கம். இப்போது ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் ஆத்தாவின் கையையும் முதுகையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். காயம் எதுவும் இல்லை. இருந்தாலாவது யாரையாவது பிடித்து உலுக்கலாம். காயமே இல்லாமல் ஒரு மனுஷி எதற்கு இப்படி அலற வேண்டும்? அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அலறி முடித்த பிறகு அன்றைக்குச் சோறும் இறங்குவதில்லை; வாயை இறுக மூடிக்கொள்கிறாள்.

செல்வராணி குளியலறை வாசலில் நின்றாள். குளுவாங் ஊர்ப் பெண், இங்கே தலைமை நர்ஸ். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முழங்கையில் ஆத்தாவின் நகக்கீறல்.

"அக்கா, கோபப்படாதீங்க, நான் சொல்றேன்," என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள்.

"என்னதான் பண்றீங்க எங்க ஆத்தாவ?"

"பேச முடியாதவங்களுக்கு எது பிடிக்கும்னு நாமதானே கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒன்ன மட்டும் மாத்திப் பாக்குறோம் லா. காலையில குளிப்பாட்டினோம், அப்புறம் சாயங்காலம் பாத்தோம். ஷவர் வேணாம்னு வாளியும் குவளையும் வெச்சோம். ஆள மாத்தினோம். மூஞ்சி எப்படிப் போவுது, கை எதைப் பிடிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருப்போம். மத்தவங்களுக்கெல்லாம் எது பிடிக்கும்னு புரிஞ்சிடுச்சி. ஆச்சிக்கு மட்டும் எதுவும் சரி வரல."

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "அடுத்த வாரத்துலேர்ந்து குளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாத்திர குடுக்கச் சொல்லிட்டாரு டாக்டர். அமைதியா இருக்கறதுக்கு."

பக்கத்துக் கட்டில் பேச்சியம்மாளுக்கும் அமைதிக்குத்தான் மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது அவர் சாப்பாட்டு நேரத்தில்கூடக் கண் திறப்பதில்லை. கஞ்சி தொண்டையில் நின்று இருமுவார். ஆத்தாவுக்கு ஏற்கனவே பாதித் தொண்டைதான் வேலை செய்கிறது. மாத்திரையைக் கொடுத்தால் ஆத்தா போய்விடுவாள் என்று தோன்றியது. இந்த வருடம் வீட்டில் ஏற்கனவே ஒரு சாவு. இன்னொன்றை என்னால் தாங்க முடியாது.

அண்ணன் கண்ணப்பன் தை மாதம் சிங்கப்பூரில் வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. ஆத்தாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நானும் அண்ணியும் முடிவெடுத்தோம். வாய்விட்டுச் சொல்லி அழக்கூட முடியாதவள், அதை உள்ளேயே வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வாராவாரம் ஆத்தாவிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்வதில் நான் தேறிவிட்டேன்.

"மாத்திரையெல்லாம் அப்புறம். அடுத்த தடவ குளிப்பாட்டும்போது நான் பக்கத்துல நிக்கணும்," என்றேன்.

"வெள்ளிக்கிழமை வாங்க அக்கா. அன்னிக்கும் சரி வரலன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது."

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றினார்கள். நைட்டியைக் கழற்றவில்லை. அது என் உத்தரவு. எட்டு மாதத்துக்கு முன் சேர்த்த அன்றைக்கே கறாராகச் சொல்லியிருந்தேன்: எங்கள் ஆத்தா மானத்துக்குப் பயந்தவள், கட்டிய துணியோடு குளிப்பாட்டுங்கள், நனைந்த பிறகு துண்டைச் சுற்றி மாற்றிக்கொள்ளலாம். தலைக்கும் சேர்த்தே ஊற்றுங்கள், இந்த ஊர் வெயிலுக்கு வெந்நீர் வேண்டாம். செல்வராணி எத்தனையோ மாற்றிப் பார்த்தவள், இதை மட்டும் தொடவில்லை. வீட்டார் சொன்னது ஆயிற்றே.

நான் கதவோரம் நின்றேன். செல்வராணி முதல் குவளையை உச்சந்தலையில் ஊற்றினாள்.

ஆத்தா தண்ணீரைப் பார்க்கவில்லை. அங்கிருந்த முகங்களைப் பார்த்தாள். செல்வராணியின் வாயைப் பார்த்தாள், அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்பது போல. பிறகு அலறினாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இடது கையால் என் கன்னத்தையும் கழுத்தையும் தோளையும் அழுத்தி அழுத்தித் தடவினாள். நான் முழுசாக இருக்கிறேனா என்று பார்ப்பது போல இருந்தது. இருக்கிறேன் என்று தெரிந்ததும் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். கதவில் யாரும் இல்லை. மறுபடி அலறினாள்.

நாங்கள் பள்ளியில் படித்த காலத்து ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பச்சி, தவறிய செய்தி வந்த மத்தியானம், ஆத்தா உலையை இறக்கி வைத்துவிட்டு, என்னையும் அண்ணனையும் பள்ளிச் சீருடையோடு குழாயடிக்கு இழுத்துப் போனாள். எண்ணெய் கிடையாது, வெந்நீர் கிடையாது, துணி மாற்றவும் விடவில்லை. எங்கள் வீட்டில் கட்டிய துணியோடு தலைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். சாவுச் செய்தி வந்தால்.

எட்டு மாதமாக ஆத்தாவுக்கு நாங்கள் சாவுச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம். யாருடைய சாவு என்று மட்டும் சொல்லவில்லை.

"நிறுத்துங்க," என்றேன். செல்வராணியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் குவளையைக் கீழே வைத்தாள். "எங்க வீட்லயும் சாவுக்குப் போய்ட்டு வந்தா தலைக்கு ஊத்துவோம்தான் அக்கா. எனக்கும் தோணல பாருங்க."

ஈர நைட்டியைக் கழற்றித் தலையைத் துவட்டினோம். ஒரு கைலியை நெஞ்சோடு கட்டிவிட்டோம். வெந்நீர் பிடித்துப் பாதத்தில் தொடங்கி முழங்கால், கை, தோள் என்று மெதுவாக ஊற்றினோம். தலையைத் தொடவில்லை. ஆத்தாவின் தோள்கள் இறங்கின. மூச்சு சீரானது. சோப்புப் போடக் கையைக்கூட நீட்டிக் கொடுத்தாள்.

"மாத்திர வேணாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்," என்றாள் செல்வராணி.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அது என்ன பார்வை என்று தெரியாமல் இருந்தேன். இனிமேல் அப்படி இருக்க முடியாது. சொன்னால் இந்த நாற்காலியிலேயே போய்விடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் இப்படிப் பார்த்துப் பார்த்தே போவாள். லீவு கிடைக்கவில்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. முதல்முறையாக அதை என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் முன்னால் ஈரத் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணன் இல்ல ஆத்தா. தையிலயே போய்ட்டான்."

அலறலுக்காகக் காத்திருந்தேன். செல்வராணி சுவரோடு ஒட்டி நின்றாள். ஆத்தா என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மணிக்கட்டை விட்டாள். அந்தக் கை வாளியைத் தேடிப்போய்க் குவளையைப் பிடித்தது. தூக்க முடியவில்லை. என் பக்கமாகத் தள்ளிவிட்டு, உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா, வேணாம்," என்றாள் செல்வராணி மெல்ல.

வாளியில் இருந்தது வெந்நீர். அதைக் கவிழ்த்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் பிடித்தேன். முதல் குவளையை ஊற்றினேன். ஆத்தா கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த குவளைக்குத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள்.