நாற்காலிக்கு நேர் மேலே

ஆலங்கட்டி மழை பத்தே நிமிஷம்தான் பெய்தது. அந்தப் பத்து நிமிஷமும் நான் சமையல் மேடைக்கு அடியில் குந்திக்கொண்டு, தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு சிமென்ட் ஷீட் கூரை. சத்தமென்றால் அப்படியொரு சத்தம், இரண்டு காதும் அடைத்துப் போயிற்று. ஓய்ந்ததும் வெளியே வந்து பார்க்கிறேன், அடுப்புக்கு மேலே ஒரு ஓட்டை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இன்னொரு ஓட்டை.

"என்னாச்சு?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரர். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. ஹாலுக்கு மேலே ஒரு கீறல்கூட விழவில்லை, அவருக்கென்ன வந்தது.

"என்னாச்சா? வந்து பாருங்க. அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டே குளிக்கலாம்."

வந்தார். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். அவர் லைசென்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறார். வண்டி ஓட்டிக் காட்ட வருகிறவர்களுக்கு மார்க் போடுகிற உத்தியோகம். எதைப் பார்த்தாலும் எத்தனை தப்பு என்றுதான் முதலில் எண்ணுவார்.

"ரெண்டு ஷீட் போச்சு. ஒரு கூரைக்காரன் வந்தா அரை நாள் வேலை" என்றார்.

கூரைக்காரன் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் தொட்டியைப் பார்த்தேன். ஏனென்றால் என் கூடப்பிறந்த தம்பிக்குக் கூரை போடுவதுதான் தொழில். அவனும் இவரும் பேசி மூன்று வருஷமாகிறது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி ஷீட் ஏற்றிப் போக ஒரு வேன் வாங்கினான். லைசென்ஸுக்கு இவர் முன்னாலேயே போய் நின்றான். மாமாதானே என்ற தெனாவெட்டில், கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, நட்டு வைத்திருந்த கம்புகளில் மூன்றைச் சாய்த்துவிட்டான். இவர் ஃபெயில் போட்டுவிட்டார். ஏங்க இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "உன் தம்பிங்கறதால ரெண்டு கம்பை விட்டுட்டேன். மூணாவதை எப்படி விடறது?" என்றாரே பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் தம்பி எங்கள் வாசலில் நின்று தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்தினான். "இந்த வாசல் வழியா இனிமே நான் உள்ள வந்தா என்னை ஏன்னு கேளுங்க!" இவரும் சளைக்கவில்லை. "வராத. நானும் கூப்பிட மாட்டேன்" என்று கதவைச் சாத்தினார். அடுத்த மாசமே அவன் பக்கத்து ஊர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கிவிட்டான். வீம்பு மட்டும் இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

முதல் வருஷம் பூரா நான் தூது போனேன். "அவர் கூப்பிடட்டும்" என்பான் அவன். "அவன் வரட்டும்" என்பார் இவர். ஒரு நாள் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இனி உங்கள் இரண்டு பேரிடமும் இதைப் பற்றி வாயைத் திறந்தேனா பாருங்கள் என்று சொன்னேன், திறக்கவும் இல்லை. ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். வாரத்துக்கு ஒரு தடவை கடைத்தெருவில், கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற வாக்கில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். சொந்தத் தம்பிக்கு வீட்டில் உட்கார வைத்து ஒரு டீ கொடுக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஓட்டை விழுந்த அன்று இவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒருத்தனும் சிக்கல. எல்லாரும் பிஸியாம். ரெண்டு வாரம் ஆகும்ங்கறானுங்க."

மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாளும் இதே கதை. நடுவில் தூறல் போட்டது. நான் இரண்டு பக்கெட்டையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, குடை பிடிக்காத குறையாகச் சமைத்தேன். இவர் ஹாலில் காலை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கயேன்" என்று உபதேசம் செய்தார். ஈரம் படாதவர் பேசுகிற பேச்சு அது.

நாலாம் நாள் அவர் ஆபீஸுக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டேன். அவருடைய நாற்காலியை நகர்த்தி, அந்த இடத்தில் ஸ்டூலைப் போட்டேன். சுத்தியலோடு ஏறினேன். முதல் அடிக்கு ஷீட் அசையவில்லை. இரண்டாவது அடிக்கு என் தோள்பட்டைதான் அசைந்தது. நாலாவது அடியில் 'டப்'பென்று உடைந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. இறங்கிப் பெருக்கித் துடைத்து, நாற்காலியைப் பழைய இடத்தில் ஒரு அங்குலம் பிசகாமல் வைத்தேன். தப்புதான். யார் இல்லை என்றார்கள்?

சாயங்காலம் மழை வந்தது. இவர் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். முதல் சொட்டு வழுக்கையில் விழுந்தது. தடவிப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது சொட்டு மூக்குக் கண்ணாடியில். அண்ணாந்து பார்த்தார்.

"இது எப்போ வந்துச்சு?"

"அன்னிக்கே விரிசல் விட்டிருக்கும். இன்னிக்குப் பிச்சுக்கிச்சு" என்றேன் அடுப்படியிலிருந்து. குரல் நடுங்காமல் சொன்னதற்கு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

நாற்காலியை இடது பக்கம் நகர்த்தினார், டிவி தெரியவில்லை. வலது பக்கம் நகர்த்தினார், கால் நீட்ட இடமில்லை. மடியில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு செய்தி முடியும் வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் யாரிடமோ பேசுகிற மாதிரி, "உன் தம்பிக்கு வேணா ஃபோன் பண்ணிப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் நம்பரை அழுத்திவிட்டேன்.

"வர்றேன்க்கா" என்றான் தம்பி. "ஆனா சொன்னது சொன்னதுதான். வாசல் வழியா உள்ள வரமாட்டேன். கூரையில ஏறுவேன், வேலைய முடிப்பேன், போயிட்டே இருப்பேன்."

சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. எங்கள் சந்து குறுகல். இரண்டு பக்கமும் சுவர். மேலே ஏணியும் ஷீட்டும் கட்டிய அந்த வேனை அவன் ரிவர்ஸிலேயே கொண்டுவந்து, சுவரில் உரசாமல், கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். இவர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிய பாக்குறான்" என்று முணுமுணுத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவன் இறங்கி, ஏணியை வெளிச்சுவரில் சாய்த்து, நேராக மேலே ஏறிப் போய்விட்டான். வாசல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஷீட் மேல் பலகை போட்டு, அதன் மேல் நடந்து வேலையை ஆரம்பித்தான். கூரைக்கு மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், இடையில் ஆறு மில்லிமீட்டர் ஷீட். பேச்சு மட்டும் என் வழியாக.

"அக்கா, உள்ள இருக்கறவரை தள்ளி நிக்கச் சொல்லு. தூசி விழும்."

"கேட்டுச்சு" என்றார் இவர். "போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் போடுறானான்னு கேளு."

"போடாம? எனக்குத் தொழில் தெரியும்னு சொல்லு!"

"டேய், எனக்குத் தொண்டை வலிக்குது, நேரா பேசித் தொலைங்களேன்டா!" என்று கத்தினேன். 

சமையலறை ஷீட் இரண்டும் மதியத்துக்குள் முடிந்துவிட்டன. பலகையை ஹால் பக்கம் நகர்த்தினான். இவர் சமையலறையில் பக்கெட்டுகளைக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். ஓட்டை வழியாக ஒரு கண் தெரிந்தது.

"அக்கா" என்று ரகசியமாகக் கூப்பிட்டான். "இங்க வா. ஆலங்கட்டி மேலேருந்து விழுந்தா உடைஞ்ச சில்லு எங்க கெடக்கும்?"

"எங்க கெடந்தா உனக்கென்ன?"

"வீட்டுக்குள்ள கெடக்கும். இங்க எல்லாம் கூரை மேல கெடக்கு. உங்க ஹால்லேருந்து வானத்துக்கு ஆலங்கட்டி பேஞ்சுச்சா?"

எனக்கு முகம் சுட்டது. "மெதுவா பேசுடா, சனியனே!"

"நீயா உடைச்ச?" சிரிப்பை அடக்க முடியாமல் அவன் குலுங்கியதில் தூசி என் கண்ணில் விழுந்தது. "நீயா? சுத்தியல எடுத்துக்கிட்டு ஏறினியா? இந்த உடம்ப வச்சுக்கிட்டா? எதுக்குக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி மட்டும் காரணமில்லை. "எதுக்கா? மூணு வருஷமாச்சுடா. தெருவுல நின்னு உன் மூஞ்சிய பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. என் வீட்டுக்குள்ள நீ வந்து உக்காரணும். அதுக்குத்தான். போதுமா?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டைக் கழற்றினான். முழு ஷீட்டையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். இரண்டு இரும்புக் குழாய்க்கு நடுவே ஆள் இறங்குகிற அகலத்துக்கு வானம் திறந்தது. அதில் அவன் முழங்காலில் உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கடைத்தெருவில் இத்தனை தடவை பார்த்தும் அதை நான் கவனித்ததில்லை.

புது ஷீட் அவன் பக்கத்திலேயே தயாராக இருந்தது. அதை வைத்து நாலு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது, ஏணி வழியாக இறங்கிப் போய்விடுவான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "தண்ணி குடிச்சுட்டு மாட்டுடா" என்றேன். ஸ்டூலில் ஏறி டம்ளரை நீட்டினேன். அவன் குனிந்து கையை நீட்டினான். ஒரு முழம் எட்டவில்லை. நான் குதிகாலைத் தூக்கினேன். பாதித் தண்ணீர் என் முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் போயிற்று.

அப்போது இவர் வந்து ஹால் நடுவில் நின்றார். என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். சாப்பாட்டு மேஜையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். என்னை ஸ்டூலிலிருந்து இறக்கினார். ஸ்டூலை மேஜை மேல் வைத்தார். ஸ்டூல் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லு, இது வாசல் இல்ல" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று நின்றேன். மேலே அவனும் அசையவில்லை.  இவர் தொண்டையைக் கனைத்தார்.

"டேய், இது வாசல் இல்லடா. இறங்கு."

தம்பி திரும்பி, குழாயைப் பிடித்துக்கொண்டு, காலை உள்ளே விட்டான். கால் காற்றில் துழாவியது.

"பின்னாடி வா" என்றார் இவர். "வா, வா, இன்னும் வா. இடது பக்கம் கொஞ்சம். அவ்வளவு இல்ல. வா... நிறுத்து. இப்போ வச்சுக்கோ."

ஸ்டூலில் ஒரு கால், மேஜையில் ஒரு கால். உடம்பெல்லாம் சிமென்ட் தூசியோடு என் தம்பி என் வீட்டுக்குள் நின்றான். சாப்பிடுகிற மேஜை மேல் செருப்போடு நிற்கிறானே என்று மற்ற நாளாயிருந்தால் கத்தியிருப்பேன். அன்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆமாம், அழுதேன், அதிலென்ன வெட்கம்.

கூரையைத் திறந்து போட்டபடியே டீ போட்டேன். அவன் இவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தான். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டீயை உறிஞ்சிக்கொண்டே தம்பி கேட்டான், "ஏன்க்கா, அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்ல? எதுக்கு இத்தன நாள் நனைஞ்சீங்க?"

"நான் என்ன பண்றது? உங்க மாமா ஊர்ல இருக்கற கூரைக்காரனுக்கெல்லாம் ஃபோன் பண்ணாரு. எல்லாரும் பிஸியாம். ரெண்டு வாரமாம்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "பிஸியா? யாரு? ஆலங்கட்டி விழுந்ததே உங்க நாலு தெருவுலதான். எங்க ஆளுங்க பாதிப் பேரு வேலையில்லாம சீட்டாடிக்கிட்டிருக்கான். மாமா, நீங்க யாருக்குப் பண்ணீங்க?"

இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாருக்கும் பண்ணல" என்றார். "எனக்குத் தெரிஞ்ச கூரைக்காரன் நீ ஒருத்தன்தானே. இவ உன்னைக் கூப்பிடலாமான்னு கேப்பா, சரின்னு சொல்லிடலாம்னு பாத்தேன். மூணு நாளா வாயே தொறக்கல."

எனக்கு வந்ததே கோபம்! "அட மனுஷா! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அப்போ நல்லா இருந்த ஷீட்டை நான் எதுக்கு ஸ்டூல் போட்டு ஏறி உடைச்சேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். இவர் துடைப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எதால உடைச்ச?"

"சுத்தியலால."

"எத்தனை அடி?"

"நாலு."

இந்த வருஷம் பூரா திட்டு வாங்கப் போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இதை ரெண்டு வருஷம் முன்னாடியே உடைச்சிருக்கக் கூடாதா நீ?" என்றார்.